பதினொரு கிழமை வெளிக்கிட்டவன்

ஒரு துண்டு நிலத்தைக் கொத்தாமல் விட்டால் பிரித்தானிய அரசாங்கம் என்னைப் பிடித்து விமானத்தில் ஏற்றிவிடும் என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். சிரிக்க வேண்டாம். அல்லது சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கினேன், எழுத எழுதச் சிரிப்புக் குறைகிறது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. பௌதிகம் படித்தவன். புல்லுக்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்துகொள்ளப் பௌதிகம் தேவையில்லை. ஆனால் படித்தும் எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசி. மனோர் பார்க்கில் ஒரு வீட்டின் மேல்மாடி முன்னறையில் நானும் மனைவியும் இருந்தோம். அந்த வீட்டில் மூன்று குடும்பம், ஒரு குசினி. கீழறையில் இருந்த அண்ணைதான் வீட்டின் மூத்தவர். குசினிக் கதவில் அவர் தன் கையால் ஒரு நேர அட்டவணை எழுதி ஒட்டியிருந்தார். எங்களுக்குக் காலையில் முக்கால் மணித்தியாலம், இரவில் முக்கால் மணித்தியாலம். மனைவி வெங்காயம் வதக்கத் தொடங்கவே கதவடியில் யாராவது ஒரு சட்டியோடு வந்து நிற்பார்கள். "முடிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். குளியலறையிலும் அதே கேள்வி. அவள் ஒருநாள் சொன்னாள், தான் பிள்ளை பெறப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று ஒராள் "முடிஞ்சுதோ" என்று கேட்கும் என்று.

அவளுக்குத்தான் அலொட்மென்ட் ஆசை வந்தது. கவுன்சில், வீட்டில் நிலமில்லாத சனங்களுக்குச் சின்னச் சின்னத் தோட்டத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கும். எங்கள் வீதியிலிருந்து பத்து நிமிட நடையில் அப்படி ஒரு வளவு இருந்தது. அவள் ஒவ்வொரு நாளும் பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். என்னைக் கொண்டு விண்ணப்பம் எழுதுவித்தாள். இரண்டு வருடம் காத்திருந்த பின் என் பெயருக்கு ஒரு துண்டும், வளவின் கதவுப் பூட்டுக்கு ஒரு திறப்பும் வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். இடுப்பளவு புல், மூலையில் முட்பற்றை. வேறு யாராவது என்றால் திறப்பைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவள் ஓரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து பார்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்:

"இஞ்ச ஒருத்தரும் முடிஞ்சுதோ எண்டு கேக்க மாட்டினம்."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நிபந்தனை ஒன்று இருந்தது. மூன்று மாதத்துக்குள் நிலத்தில் கால்வாசியாவது கொத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவளுக்கு அந்த மாசிமாதம்தான் வயிற்றில் ஒப்பரேசன் நடந்திருந்தது. குனியவோ பாரம் தூக்கவோ கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே வேலை பிரித்தோம்.

"கொத்திறது நீங்கள், நடுறது நான்," என்றாள்.

"இதென்ன பெரிய வேலை. ஒரு கிழமை, ஏழே நாள்," என்றேன் நான்.

நான் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு வீட்டில். அவள் சட்டை தைக்கும் ஒரு இடத்தில் இருந்தபடி பொத்தான் தைக்கும் வேலைக்குத் திரும்பியிருந்தாள்; மத்தியானம் போனால் எட்டரைக்குத்தான் வருவாள். லண்டன் கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம். இருட்டிவிட்டது என்று சாட்டுச் சொல்லக்கூட வழியில்லை. ஒவ்வொரு நாளும் எனக்கென்று முழுசாக மூன்றரை மணித்தியாலம், ஒரு திறப்பு, ஒரு நிலம்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களிடம் "வெளிக்கிடுறது" என்று ஒரு சொல் உண்டு. புறப்படுவது என்று பொருள். ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாத புறப்பாடு அது. கலியாண வீட்டுக்கு வரச்சொன்னவர் ரெலிபோனில் "எங்க நிக்கிறியள்?" என்று கேட்டால், தலையில் சவர்க்கார நுரையோடு நிற்பவனும் "வெளிக்கிட்டிட்டம்" என்பான். பொய் இல்லை. மனதால் வெளிக்கிட்டுவிட்டான், உடுப்புத்தான் பாக்கி. இந்தச் சொல் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் சனத்தில் பாதிப்பேர் பொய்யர்கள்.

நான் வெளிக்கிட்ட விதம் இப்படி. ஐந்து மணிக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் குந்தி, ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றுவேன். திரும்பப் போகத்தானே போகிறோம், மற்றதை ஏன் கழற்றுவான் என்று விட்டுவிடுவேன். ஒரு சப்பாத்துப் போட்ட மனிதன் வீட்டுக்கு வந்தவனுமில்லை, வெளியே போகிறவனுமில்லை. அப்படியே சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உடம்பு அலுப்பு என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. பெட்டி அடுக்கியவனுக்குக் கை நோகும். எனக்கு நொந்தது தொடங்குவதற்கு முந்திய அந்த இடம். எழும்பி நிற்பதற்கும் இருப்பதற்கும் நடுவில் ஒரு வாசற்படி இருந்தது, அது மட்டும் பனைமர உயரம்.

மனம் முதலில் வரும், பிறகுதான் கை போகும் என்பது என் இன்னொரு நம்பிக்கை. மனம் வரும்வரை பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல் காத்திருந்தேன். வீணாகக் காத்திருக்கக் கூடாதே என்று ஆயத்தங்கள் செய்தேன். நூலகத்தில் தோட்டப் புத்தகம் எடுத்து மூன்று முறை வாசித்தேன். கையுறை வாங்கினேன். முழங்காலளவு ரப்பர் பூட்ஸ் வாங்கினேன். இந்த நாட்டில் காலால் மிதித்து இறக்கும் நீட்டு மண்வெட்டி ஒன்றும் வாங்கி அலுமாரிக்குப் பின்னால் சாத்தினேன். தோட்டத்துக்குப் போவதைத் தவிர, தோட்டக்காரனுக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் இருந்தது. அந்த அலுமாரிக்குள் ஏற்கனவே ஒரு புல்லாங்குழலும், பிரெஞ்சு மொழி படிக்கும் கசெற் ஆறும், உறை பிரிக்காமல் இருந்தன. மண்வெட்டிக்குத் துணை இருந்தது.

முதல்நாள் இரவு அவள் வந்ததும் கேட்டாள்: "போனனீங்களோ?"

"ஓம், வெளிக்கிட்டனான்," என்றேன்.

அவள் அதைப் போனதாக எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. உண்மையாகவே ஒரு சப்பாத்தோடு மூன்று மணித்தியாலம் வெளிக்கிட்டிருந்தேன் அல்லவா?

இரண்டாம் கிழமை அவள் பூட்ஸைப் பார்த்து, "என்னப்பா, புதுசு போல கிடக்கு?" என்றாள். மறுநாள் வேலையால் வந்த உடனேயே நான் பின்வளவுக்குப் போனேன். குப்பைத் தொட்டியடியில் இருந்த மண்ணில் தண்ணீர் ஊற்றிக் குழைத்து, இரண்டு பூட்ஸுக்கும் பூசினேன். வலதுகாலுக்குக் கொஞ்சம் கூடுதலாக. மண்வெட்டியை மிதிக்கிற கால் அது. இதை எழுதும்போது என் காது சூடாகிறது. வாரத்தில் மூன்றுநாள் அந்தப் பூச்சு வேலை ஒழுங்காக நடந்தது.

அவள் சந்தோசத்தில் யோகட் கோப்பைகளைக் கழுவி, மண் நிரப்பி, போஞ்சி விதை போட்டாள். பதினெட்டுக் கோப்பை. ஜன்னல் ஓரம் முழுவதும் வரிசையாக. ஒவ்வொரு இரவும் அவற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு கணக்குக் கேட்பாள்.

"இப்ப எவ்வளவு முடிஞ்சுது?"

கவனியுங்கள், இப்போது அந்தக் கேள்வியை அவளே கேட்கத் தொடங்கியிருந்தாள்.

"கால்வாசி வரும்." அடுத்த கிழமை: "அரைவாசிக்குக் கிட்ட." அதற்கு அடுத்த கிழமை: "பாதிக்கு மேல."

"நான் ஒருக்கா வந்து பாக்கட்டோ?"

"முள்ளெல்லாம் கிடக்கப்பா. முடிச்சுப் போட்டுக் கூட்டிக்கொண்டு போறன். சும்மா ஒரு சேர்ப்பிரைஸ்."

திறப்பு ஒன்றுதான். அது என் காற்சட்டைப் பைக்குள். போஞ்சிகள் முளைத்து, நீண்டு, கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு வெளியே பார்த்தன. நான் ஒரு சப்பாத்தோடு அவற்றுக்கு எதிரே இருப்பேன். அவற்றுக்குத்தான் உண்மை தெரியும்.

பத்தாவது கிழமை ஒரு மண்ணிறக் கடித உறை வந்தது.

அந்தக் காலத்தில் மண்ணிற உறை என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்: குரோய்டன். எங்கள் அகதி வழக்கு அங்கே உயரமான ஒரு குடிவரவுக் கட்டிடத்துக்குள் ஏதோ ஒரு மேசையில் கிடந்தது. கையில் இருந்தது தற்காலிக அனுமதி. தபால்காரன் கதவின் துவாரத்தால் எதையாவது தள்ளினால் மூன்று குடும்பமும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்தும். நான் அந்த உறையை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பெயர் தட்டச்சில் இருந்தது. கட்டாயம் அதுதான் என்று முடிவுசெய்து, திறக்காமல் மெத்தைக்கடியில் வைத்து, ஒன்பது நாள் அதன்மேல் படுத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை. அவள் பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்து கொண்டிருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

பத்தாம் நாள் அதை அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைப் போட்டு, உறையைக் கிழித்து, வாசித்தார்.

"எட விசரா, இது குரோய்டன் இல்லை. கவுன்சில். உன்ர தோட்டத்தில ஒரு வேலையும் நடக்கேல்லையாம். உடனே தொடர்புகொள்ளட்டாம்."

எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் அரை நிமிடம்தான் இருந்தது, ஏனென்றால் அண்ணை பகிடிக்காரர்.

"ஆனா தம்பி, கவனம். கவுண்மென்ட் எல்லாம் ஒண்டுதானே. இவன் உன்ர பைலில 'ஆள் சோம்பேறி' எண்டு ஒரு வரி எழுதினா, அவன் அதை வாசிப்பான். புல்லுக் கொத்தாதவனை நாட்டில வைச்சு என்ன செய்யிறது எண்டு கேப்பான்."

சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணி குடித்தார். சிரிக்கவில்லை. நல்ல பகிடிக்காரன் சிரிக்க மாட்டான். நான் நம்பினேன். முழுதாக நம்பினேன்.

மறுநாள் வேலையால் வரும் வழியில் ரெலிபோன் பெட்டிக்குள் புகுந்து, கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு அடித்தேன். ஒரு பெண் பேசினார். மரியாதையான குரல். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நீங்கள் வேலையைத் தொடங்கிவிட்டீர்களா என்று.

என் தலைக்குள் அந்த ஆங்கிலம் தமிழாகி, வெளிக்கிட்டனீங்களோ என்று ஆனது. அதற்கு எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். வெளிக்கிட்டிட்டன். அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, "யெஸ், ஐ ஹாவ் ஸ்டார்ட்டட்," என்றேன்.

"மிகவும் நல்லது," என்றார் அவர். "அப்படியென்றால் வியாழக்கிழமை ஆறு மணிக்கு வந்து பார்க்கிறேன்."

அன்று திங்கட்கிழமை. நாடுகடத்தலுக்கு மூன்று நாள். இப்போதாவது ஓடிப்போய்க் கொத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். திங்கள் இரவு முழுவதும் பயந்ததில் களைத்துப்போனேன். செவ்வாய்க்கிழமை மண்வெட்டியோடு தெருவில் இறங்கி, மூலைவரை போய், சனம் பார்க்கிறது என்று திரும்பினேன். புதன்கிழமை வளவின் கதவுவரை போய்விட்டேன். திறப்பு மற்றக் காற்சட்டைக்குள். எடுக்க வீட்டுக்கு வந்து, கட்டிலில் இருந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை வேலையில் ஒரு மணித்தியாலம் முன்னதாகச் சொல்லிவிட்டு வந்தேன். குளித்தேன். திருநீறு பூசினேன். குரோய்டனுக்குப் போகும்போது போடுகிற கோட்டைப் போட்டு, கழுத்தில் ரையும் கட்டினேன். குரோய்டனுக்குக் கொண்டுபோகிற அதே பைலையும் எடுத்தேன்: வேலையிடத்துக் கடிதம், டொக்டரின் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், பாஸ்போட் அளவுப் படம் நாலு. அதிகாரி என்று ஒருவர் வந்தால் இதெல்லாம் கேட்பார் என்பதைத் தவிர வேறு எதுவும் அந்த நாட்டில் எனக்குப் பழக்கமில்லை. ஒரு கையில் பைல், மறு கையில் மண்வெட்டி. இந்தக் கோலத்தில் முழுசாக இரண்டு சப்பாத்தும் போட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக, நான் என் நிலத்தில் போய் நின்றேன்.

ரெலிபோனில் பேசிய அந்தப் பெண் ரப்பர் பூட்ஸோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் பைலை நீட்டினேன்.

"இது என்ன?"

"மை டொக்கியுமென்ற்ஸ்."

அவர் பொறுமையாகத் திறந்து பார்த்தார். என் படத்தை எடுத்து, "இதில் ஏன் இப்படிப் பயந்துபோய் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு பைலை மூடித் தந்துவிட்டு, "எங்கே தொடங்கியிருக்கிறீர்கள், காட்டுங்கள்," என்றார்.

புல்வெளியைப் பார்த்தேன். ஓரிடத்தில் புல் வட்டமாக மடிந்து கிடந்தது. அதைக் காட்டினேன்.

அவர் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார். "அது நரி படுத்த இடம்," என்றார்.

அந்த நேரத்தில்தான் வளவுக் கதவடியில் சில்லுச் சத்தம் கேட்டது. கடைக்குக் கொண்டுபோகிற, சக்கரம் பூட்டிய சில்லுப் பையை இழுத்துக்கொண்டு என் மனைவி வந்துகொண்டிருந்தாள். வியாழக்கிழமை விசயத்தை நான் அண்ணைக்கு மட்டும் சொல்லியிருந்தேன்; அவர் கடிதத்தை விட்டுவிட்டு, கவுன்சில்காரர் தோட்டம் பார்க்க வருகிறார்கள் என்று மட்டும் அவளுக்குச் சந்தோசமாகச் சொல்லியிருக்கிறார். அவள் அரைநாள் லீவு எடுத்திருக்கிறாள். பைக்குள் பதினெட்டு யோகட் கோப்பை. அன்றைக்கே நட்டுவிடலாம் என்று வந்திருக்கிறாள். வேலைக்குப் போடாத நல்ல சல்வார் ஒன்று போட்டிருந்தாள்.

எங்கள் துண்டின் முனையில் வந்து நின்றாள். புல்லைப் பார்த்தாள். பக்கத்துத் துண்டைப் பார்த்தாள், இலக்கம் மாறிவிட்டதோ என்று. பிறகு என் ரையைப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

நான் பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"பாதிக்கு மேல முடிஞ்சுது எண்டனீங்கள்."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தச் சொல் தானாக வந்து விழுந்தது.

"வெளிக்கிட்டனான்."

"பதினொரு கிழமையாவோ?"

அவள் என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். அதில் கடைக்காரனின் லேபல் இன்னும் ஒட்டியிருந்தது. "வேண்டாமப்பா, டொக்டர் சொன்னவர்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவள் காலை வைத்து மிதித்தாள். ஒரு வெட்டு. புல்லோடு மண் புரண்டது. இரண்டாவது. மூன்றாவதில் அவளுடைய கை வயிற்றைப் பிடித்தது. அந்தக் கவுன்சில் பெண்தான் ஓடிவந்து அவளைத் தாங்கி, தன் மழைக்கோட்டை விரித்து இருத்தினார். என் இரண்டு கையும் பைலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் போகும்போது என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார், இரண்டு கிழமை தருகிறேன் என்று. மனைவி நன்றி சொன்னாள்.

வீட்டுக்கு நான் சில்லுப் பையை இழுத்துக்கொண்டு வந்தேன். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டின. பாதி வழியில் அவள் நின்று மூச்சு எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"பொய் சொன்னதைக்கூட விடுவம். பூட்ஸுக்கு மண் பூசினீங்கள் பாருங்கோ. அதுக்கு மட்டும் வெளிக்கிட ஏலுமா இருந்திருக்கு, என்ன?"

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பின்வளவு மண்ணில் செங்கல் தூள் கலந்திருக்கும். அது சிவப்பு. தோட்டத்து மண் கறுப்பு. அவள் இப்போதுதான் அதை மூன்று முறை புரட்டிப் பார்த்திருந்தாள்.

அவள் சொன்னது சரி. பூச்சு வேலைக்கு நான் ஒருநாளும் மனம் வரும் என்று காத்திருக்கவில்லை. இரண்டு சப்பாத்தோடும் நேரே பின்வளவுக்குப் போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து, வீட்டுக்குள் ஏறாமல், பண்டகசாலை உடுப்போடு நேரே தோட்டத்துக்குப் போனேன். மனம் வந்து போகவில்லை. வீட்டில் அவள் படுத்திருந்தாள், அவளுடைய முகத்துக்கு முன்னால் கட்டிலில் இருக்க வெட்கமாக இருந்தது, அதனால் போனேன். நாலு பின்னேரம் கொத்தினேன். கால்வாசி கேட்டார்கள், மூன்றில் ஒரு பங்கு முடிந்தது.

கவுன்சில் நிலத்தை எங்களிடமே விட்டது. குரோய்டனில் எங்கள் வழக்கு இன்னும் இரண்டு வருடம் கிடந்து, பிறகு முடிந்தது. விசாரணையில் தோட்டத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மனைவியின் காயம் உள்ளே நொந்து, இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். போஞ்சிகள் கோப்பைக்குள் கனநாள் இருந்துவிட்டபடியால் நட்ட பிறகு பிடிக்கவில்லை, பதினெட்டும் பட்டுப்போயின. அந்த நிலத்தில் முதல் மூன்று வெட்டும் அவள் வெட்டியவை.